27 நாள் பார்த்துவிட்டு நட்சத்திரத்துக்கு ரகம் பிரிக்கலாமா?

2019 டிசம்பரில் திருவாதிரை மங்கிக்கொண்டிருந்தது. மார்கழி இரவுகளில் கிழக்கு வானில் செம்மஞ்சளாகத் தெரியுமே, அதே திருவாதிரைதான். உலகம் அதை பெட்டல்ஜூஸ் என்கிறது. வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களில் ஒன்றான அது, 2020 பிப்ரவரியில் தன் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே போய்விட்டது. சமூக வலைதளங்களில் ஒரே பரபரப்பு. இதோ வெடிக்கப் போகிறது, பகலிலேயே தெரியப் போகிறது என்று ஆளாளுக்கு நாள் குறித்தார்கள்.

வெடிக்கவில்லை. ஏப்ரல் இறுதிக்குள் பழைய ஒளிக்குத் திரும்பிவிட்டது.

விஷயம் தெரிந்தவர்கள் அந்த நாட்களில் பெரும்பாலும் நிதானமாக இருந்தார்கள். காரணம் எந்தப் புதிய தொலைநோக்கியும் இல்லை. பழைய நோட்டுப் புத்தகங்கள். திருவாதிரையின் ஒளி ஏறி இறங்குவதை ஜான் ஹெர்ஷல் 1836-லேயே கவனித்துவிட்டார். அதன் பிறகு பல நாட்டு அமெச்சூர் வானியலர்கள் தலைமுறை தலைமுறையாக அதன் ஒளியைக் குறித்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின்படி அது ‘ஓரளவு ஒழுங்காக’ ஒளி மாறும் செம்பெருநட்சத்திரம். சுமார் 400 நாளுக்கு ஒரு ஏற்ற இறக்கம், அதற்கு மேல் சுமார் 6 வருடத்துக்கு ஒரு மெதுவான ஏற்ற இறக்கம். 2020 தொடக்கத்தில் இரண்டின் இறக்கமும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

ஆனால் அதே நோட்டுப் புத்தகங்கள் இன்னொன்றையும் சொல்லின: இறங்குவது வழக்கம்தான், இவ்வளவு ஆழமாக இறங்குவது வழக்கம் இல்லை. அதனால்தான் பெரிய தொலைநோக்கிகள் அதன் பக்கம் திரும்பின. நட்சத்திரத்தின் மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்ததும், அது வெளியே தள்ளிய வாயு தூசியாக உறைந்து நமக்கும் அதற்கும் நடுவில் நின்றதும் பின்னர் தெரியவந்தது. ‘பயப்படாதே’ என்றும் ‘ஆனால் கவனி’ என்றும் ஒரே நேரத்தில் சொல்ல முடிந்தது பழைய பதிவால்தான். அது இல்லாமல் இரண்டில் எதையுமே சொல்லியிருக்க முடியாது.

இப்போது வானியல் போகிற வேகத்தைப் பார்த்தால் இந்தப் பாடம் மறந்துபோகுமோ என்ற கவலை நியாயமானதே. ஐரோப்பாவின் கையா விண்கலம் 2022-ல் வெளியிட்ட தரவில் மட்டும் சுமார் 1 கோடி நட்சத்திரங்கள் ‘ஒளி மாறுபவை’ என்று வகை பிரிக்கப்பட்டிருந்தன. பிரித்தது மெஷின் லேர்னிங். அசாத்தியமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் ஒரு நட்சத்திரத்துக்கு லேபிள் ஒட்டுவதும் அதை அறிந்துகொள்வதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் இருப்பது காலம். அந்தக் காலத்துக்குச் செலவழிக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

ரகம் பிரிப்பது எப்படி?

அடிப்படை எளிது. ஒரு நட்சத்திரத்தின் ஒளியைத் திரும்பத் திரும்ப அளந்து, தேதி வாரியாகப் புள்ளி வைத்தால் கிடைப்பது லைட் கர்வ். ஏற்ற இறக்கம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, வளைவு என்ன வடிவம் — இந்த மூன்றும் தெரிந்தால் ரகத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சில நட்சத்திரங்கள் தாமாக மாறுவதில்லை. அல்கோல் அப்படி. அங்கே இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. மங்கலானது முன்னால் வரும்போது வெளிச்சமானது மறைகிறது. 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் மாதிரி கிரகணம். வேறு சில உண்மையிலேயே மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்குகின்றன. அவற்றில் செஃபீட் ரகத்துக்குச் சில நாள் முதல் சில மாதம் வரை ஒரு துடிப்பு. சட்டென்று ஒளி ஏறும், நிதானமாக இறங்கும். மீரா ரகத்துக்கு ஒரு துடிப்பு கிட்டத்தட்ட ஒரு வருடம். மீரா நட்சத்திரமே உச்சத்தில் வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், இறக்கத்தில் பைனாகுலர் வைத்துத் தேட வேண்டும். இன்னும் சில, ஆர் கொரோனே போரியாலிஸ் மாதிரி, வருடக்கணக்கில் சும்மா இருக்கும். திடீரென்று தானே கக்கிய கார்பன் புகையில் மூழ்கி ஆயிரம் மடங்கு மங்கும். எப்போது என்று அதற்கே தெரியாது.

சிக்கல் எங்கே வருகிறது? நட்சத்திரம் 24 மணி நேரமும் மாறுகிறது, ஆனால் ஒரு ஊரிலிருந்து பார்ப்பவருக்கு இரவு மட்டும்தான் கிடைக்கிறது. அதிலும் மேகம், மழை, நிலா வெளிச்சம். ஆக, கையில் இருப்பது முழு வளைவு இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய புள்ளிகள். அல்கோலின் கிரகணம் சுமார் 10 மணி நேரம் நீடிக்கும். அதில் பல, பகலில் வந்து போய்விடும்.

இதற்கு வானியலர்கள் செய்வது, மடித்துப் பார்ப்பது. நீளமான துணியில் ஒரே பூ இடைவெளி விட்டு இடைவெளி விட்டு அச்சடித்திருக்கிறது, ஆனால் எந்தப் பூவும் முழுசாக இல்லை என்று வையுங்கள். சரியான நீளத்தில் மடித்தால் எல்லாத் துண்டுப் பூக்களும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து முழுப் பூ தெரியும். தப்பான நீளத்தில் மடித்தால் வெறும் கிறுக்கல். அந்தச் சரியான நீளம்தான் நட்சத்திரத்தின் சுழற்சிக் காலம்.

கொடுமை என்னவென்றால், தப்பான நீளத்திலும் சில சமயம் பூ மாதிரியே ஒன்று தெரிந்துவிடும். ஒவ்வொரு இரவும் ஒரே நேரத்தில் பார்த்தால், பார்ப்பவருடைய 24 மணி நேர வழக்கமே நட்சத்திரத்தின் சுழற்சிபோலக் கணக்கில் நுழைந்துவிடும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சுற்றும் இரட்டை நட்சத்திரத்துக்கு ஒரு சுற்றில் இரண்டு மங்கல்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஆழம். அதைப் பாதியில் மடித்தால், துடிக்கும் ஒற்றை நட்சத்திரம் மாதிரி சாதுவாக நிற்கும். கணினிக்கும் ஏமாற்றம்தான், மனிதருக்கும் ஏமாற்றம்தான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பெரும்பாலும் புதுக் கருவி தேவைப்படுவதில்லை. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்சம் புள்ளிகள், முடிந்தால் வேறொரு ஊரிலிருந்து.

ரகம் தப்பினால் என்ன நட்டம்?

எங்கோ இருக்கும் ஒரு புள்ளியை ‘அ’ பெட்டியில் போடாமல் ‘ஆ’ பெட்டியில் போட்டால் யாருக்கு என்ன போச்சு? போனது ஒருமுறை பாதிப் பிரபஞ்சம்.

1912-ல் ஹார்வர்டு வானாய்வகத்தில் வேலை பார்த்த ஹென்ரியட்டா லீவிட், சிறிய மெகல்லனிக் மேகத்தில் இருந்த 25 நட்சத்திரங்களை வைத்து ஒரு உறவைக் காட்டினார்: துடிப்பு நீளமாக இருந்தால் நட்சத்திரத்தின் உண்மையான ஒளியும் அதிகம். அப்படியென்றால் துடிப்பை எண்ணினால் உண்மையான ஒளி தெரியும்; கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு அதை ஒப்பிட்டால் தூரம் தெரியும். 1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், ஆண்ட்ரோமெடாவில் ஒரு புள்ளியை முதலில் ‘நோவா’ என்று குறித்தார். பழைய தகடுகளை எடுத்து ஒப்பிட்டதும் அது வந்து போகும் நோவா இல்லை, துடிக்கும் செஃபீட் என்று தெரிந்தது. தகட்டில் இருந்த குறியை அடித்துவிட்டு, ‘மாறுவது’ என்பதன் சுருக்கத்தை ஆச்சரியக்குறியோடு எழுதினார். அந்த ஒரு ரக மாற்றத்தில்தான் ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனி கேலக்ஸி என்பது உறுதியானது. பழைய தகடுகள் அலமாரியில் இல்லாமல் இருந்திருந்தால்?

ஹபிள் சொன்ன தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. இன்று தெரிந்த தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. இவ்வளவு வித்தியாசத்துக்குப் பெரிய காரணங்களில் ஒன்று ரகக் குழப்பம். செஃபீட் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டவை உண்மையில் இரண்டு ரகங்கள். ஒரே நீளத் துடிப்புக்கு ஒரு ரகம் மற்றதைவிட நன்றாகவே பிரகாசம். இதை 1952-ல் வால்டர் பாடே அறிவித்தபோது கேலக்ஸிகளின் தூரம் ஒரே நாளில் இரண்டு மடங்கானது. அதுவரை இருந்த கணக்கில் பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி வருடம்தான் வந்துகொண்டிருந்தது — பூமியின் பாறைகளைவிடக் குறைவு! பிள்ளையைவிட அம்மாவுக்கு வயது குறைவு என்கிற மாதிரி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு வானியலர்கள் பல வருடம் தர்மசங்கடப்பட்டார்கள்.

27 நாளும் 27 வருடமும்

நாசாவின் டெஸ் விண்கலம் 2018 முதல் வானத்தைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கிறது. ஒரு துண்டுக்குச் சுமார் 27 நாள். மேகம் இல்லை, பகல் இல்லை, இடைவெளியும் அதிகம் இல்லை. சில மணி நேரத்தில் துடிக்கும் நட்சத்திரங்களைப் படிக்க இதைவிடச் சிறந்த தரவு அரிது. வானத்தின் சில பகுதிகளை மாதக்கணக்கில் பார்க்கிறது. போன இடத்துக்கே மறுபடியும் வருகிறது. அதற்கான பாராட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் எப்சிலான் ஆரிகே என்று ஒரு நட்சத்திரம் இருக்கிறது. வெறும் கண்ணுக்கே தெரியும். சுமார் 27 வருடத்துக்கு ஒருமுறை அதன் ஒளி ஏறக்குறைய பாதியாகக் குறையும், கிட்டத்தட்ட இரண்டு வருடம் அப்படியே கிடக்கும், பிறகு திரும்பும். கடைசியாக நடந்தது 2009 முதல் 2011 வரை. அந்தச் சமயத்தில் எடுத்த படங்களில், ஒரு பிரம்மாண்டமான தூசித் தட்டு அதன் குறுக்கே கடந்து போவது தெரிந்தது. அடுத்த கிரகணம் 2036-ல்.

27 நாளைக்கும் 27 வருடத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்குப் போட்டால், அதன் ஒரு சுற்றில் 365-ல் ஒரு பங்கைத்தான் பார்த்திருப்போம். ஒரு மியூச்சுவல் ஃபண்டின் ஒரு மாத ரிட்டர்னை மட்டும் பார்த்துவிட்டு ‘இது ஆடாமல் அசையாமல் நிற்கும் ஃபண்ட்’ என்று சொல்வதுபோல. இந்த நட்சத்திரத்தின் மங்கலை 1821-ல் முதன்முதலில் ஒருவர் கவனித்தார் என்பதும், அதன் பிறகு பலர் விடாமல் பார்த்தார்கள் என்பதும்தான் அதன் ரகம் நமக்குத் தெரிந்ததற்குக் காரணம்.

இது ஏதோ ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. மீரா ரகத்தைச் சேர்ந்த ஆர் ஹைட்ரே 1700 வாக்கில் சுமார் 495 நாளுக்கு ஒருமுறை துடித்துக்கொண்டிருந்தது. 1950-க்குள் அது சுமார் 385 நாளாகக் குறைந்துவிட்டது. நட்சத்திரத்தின் உள்ளே ஹீலியம் எரிவதில் ஏற்பட்ட மாற்றம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அதாவது ஒரு நட்சத்திரம் வயதாவதை மனிதர்கள் நேரடியாகப் பார்த்துவிட்டார்கள், ஆனால் யாரும் தனியாகப் பார்க்கவில்லை. 2022-ல் வந்த கையா தரவு 34 மாதத்தைச் சேர்ந்தது. ஆர் ஹைட்ரேயின் மூன்று துடிப்புகூட முழுசாக அதில் அடங்காது. ‘மீரா ரகம்’ என்று சரியாகச் சொல்ல அது போதும். 110 நாள் காணாமல் போன கதையைச் சொல்லப் போதாது.

சென்னையில் 1867

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு இடம் இருக்கிறது. நட்சத்திர ஒளியின் அளவுகோலில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு என்ற, இன்றும் உலகமே பயன்படுத்தும் கணக்கை 1856-ல் முன்வைத்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891-ல் இறக்கும்வரை சென்னை வானாய்வகத்தின் தலைவர். அவருக்குக் கீழே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அதுவும் மீரா ரகம்தான். சென்னையிலிருந்து பார்த்தால் அது தெற்கு அடிவானத்துக்கு மேலே 14 டிகிரியைத் தாண்டாது. லண்டனிலிருந்து தெரியவே தெரியாது. நட்சத்திர அட்டவணைக்காக நுங்கம்பாக்கத்தில் இரவிரவாக ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததன் நடுவில் கிடைத்த கண்டுபிடிப்பு அது.

1899-ல் வானியல் வேலை கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே சூரியனைப் படம் பிடிக்கும் வேலை நூறு வருடத்துக்கும் மேலாக நடந்து, அந்தப் படங்கள் இன்று டிஜிட்டலாகவும் கிடைக்கின்றன. சூரியனைப் படிப்பவர்களுக்கு அது பொக்கிஷம். நுங்கம்பாக்கத்து இரவு வானத்துக்கு அப்படியொரு தொடர்ச்சி வாய்க்கவில்லை.

பணம் மிச்சம், வானத்தில் ஓட்டை

தொடர்ச்சியை அறுப்பதற்கு ஏழை நாடாக இருக்க வேண்டும் என்றில்லை. ஹார்வர்டில் 1880-களிலிருந்து வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து அடுக்கி வைத்தார்கள். மொத்தம் 5 லட்சத்துக்கு மேல். லீவிட் வேலை பார்த்தது இந்தத் தகடுகளை வைத்துத்தான். 1950-களில் அங்கே இயக்குநராக வந்த டொனால்ட் மென்சல், செலவைக் குறைக்க அந்தப் பணியை நிறுத்தினார். 60-களின் பின்பகுதியில்தான் மறுபடியும் தொடங்கியது. நூறு வருட லைட் கர்வ்களை இன்று திரையில் விரித்தால் நடுவில் ஒரு வெற்றுப் பட்டை தெரியும். வானியலர்கள் அதற்கு ‘மென்சல் இடைவெளி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பட்ஜெட் கூட்டங்களில் தொடர்ச்சியை வெட்டச் சொல்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: மிச்சம் பிடித்த தொகை யாருக்கும் நினைவில் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது.

தகடுகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவை இப்போது ஸ்கேன் செய்யப்பட்டுவிட்டன. நடுவில் 2016-ல் ஒரு தண்ணீர்க் குழாய் உடைந்து சுமார் 61,000 தகடுகள் நனைந்த சம்பவமும் உண்டு. பேக்கப் எடுக்காத சர்வரை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

மெஷின் லேர்னிங் பார்த்துக்கொள்ளாதா?

நியாயமான கேள்வி. பழைய பதிவுகளைப் புனிதமாக்கவும் தேவையில்லை. கண்ணால் மதிப்பிடும் ஒளியில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும்; சிவப்பு நட்சத்திரம் என்றால் இன்னும் அதிகம். 0.2 படி தவறு அங்கே சர்வசாதாரணம். டெஸ் அளவிடும் நுணுக்கத்தோடு ஒப்பிட்டால் அது கைநாட்டு. கோடிக்கணக்கான நட்சத்திரங்களை மனிதர்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்பதும் நடக்கிற காரியம் இல்லை. சிலியில் ரூபின் வானாய்வகம் பத்து வருடத் திட்டத்தோடு இறங்கியிருப்பது, காலத்தின் அருமை புரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம்.

ஆனால் இரண்டு விஷயங்கள். முதலாவது, கணினிக்குப் பாடம் எடுப்பது பழைய லேபிள்கள்தான். ‘இது மீரா, இது செஃபீட்’ என்று மனிதர்கள் பல வருடம் பார்த்து முடிவு செய்த உதாரணங்களை வைத்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. இதுவரை யாரும் நீண்ட நாள் பார்க்காத ஒரு ரகம் எதிரே வந்தால், தெரிந்த பெட்டிகளில் ஏதோ ஒன்றில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். இரண்டாவது, பெரிய தொலைநோக்கிகளுக்குப் பிரகாசமான நட்சத்திரம் கண்கூசும். திருவாதிரையை ரூபினால் அளக்க முடியாது. சென்சார் நிரம்பி வழிந்துவிடும். நமக்கு மிக அருகில் இருக்கும், மிக விரிவாகப் படிக்கக்கூடிய நட்சத்திரங்களைப் பார்க்க இன்னமும் சின்னத் தொலைநோக்கிகளும் பைனாகுலர்களும் வெறும் கண்களும்தான் தேவை. அமெரிக்காவில் 1911-ல் தொடங்கிய ஏ.ஏ.வி.எஸ்.ஓ. என்ற அமைப்பிடம் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அனுப்பிய 5 கோடிக்கும் மேற்பட்ட அளவீடுகள் இருக்கின்றன. பெரிய விண்கலத்தின் செலவோடு வைத்துப் பார்த்தால் இப்படிப்பட்ட வேலைக்கு ஆகும் பணம் பொருட்டே இல்லை. அதைத் தொடர்ந்து கொடுப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

எந்தத் தொடர் பதிவு எப்போது உதவும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. திருவாதிரை மங்கிய கதையின் ஒரு முக்கியச் சாட்சி, ஜப்பானின் ஹிமாவாரி-8. அது வானிலைச் செயற்கைக்கோள். வேலை மேகத்தைப் பார்ப்பது. பூமியின் விளிம்புக்கு அப்பால் படத்தின் ஓரத்தில் திருவாதிரையும் விழுந்துகொண்டிருந்தது. யாரோ அந்தப் படங்களை அழிக்காமல் வைத்திருந்ததால், நாலரை வருட ஒளிப் பதிவு இலவசமாகக் கிடைத்தது. அந்த 6 வருட ஏற்ற இறக்கத்தின் கதையும் இன்னும் முடியவில்லை. திருவாதிரைக்கு ஒரு துணை நட்சத்திரம் இருந்தால்தான் அது விளங்கும் என்று 2024-ல் இரண்டு குழுக்கள் வாதிட்டன. நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பதிவுகள்தான் அந்த வாதத்துக்கு அடிப்படை. 2025-ல் ஹவாயில் உள்ள ஜெமினி நார்த் தொலைநோக்கி, துணை இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு மங்கலான தடயத்தைப் படம் பிடித்தது.

ஆர்வம் இருப்பவர்கள் இந்த மார்கழியிலேயே தொடங்கலாம். கருவி எதுவும் வேண்டாம். திருவாதிரையை ரோகிணியோடும், அதற்குக் கிழக்கே வெள்ளையாகத் தெரியும் புரோசியானோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒளி அளவுகோலில் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம், புரோசியான் 0.4, ரோகிணி சுமார் 0.9. திருவாதிரை இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று மதிப்பிட்டு, தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டாம். காற்றும் தூசியும் ஒளியைத் தின்றுவிடும். மூன்றும் நன்றாக மேலே ஏறிய பிறகு பாருங்கள், மாதத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். ஏ.ஏ.வி.எஸ்.ஓ. இணையதளத்தில் கணக்கு தொடங்கி அந்த எண்ணைப் பதிவு செய்யலாம்.